காலிகாவில் ட்ரூபதூர் சுவடிகள்: படம் முதல் தரம், வழிகாட்டிதான் இல்லை

12, 13ஆம் நூற்றாண்டுகளில் தென் பிரான்சின் ஒக்சிதான் மொழியில் பாடிய ட்ரூபதூர் கவிஞர்களைப் பற்றிப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் பாடல்கள் எழுதப்பட்ட தோலேட்டுச் சுவடிகளையே திறந்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் காலிகா. பிரெஞ்சு தேசிய நூலகம் 1997 முதல் நடத்தும் மின்னூலகம் இது. காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். மெட்டோடு எஞ்சியிருக்கும் நான்கு பெரிய சுவடிகளில் மூன்று இங்கேயே இருக்கின்றன. புரவலர்களின் கதையைச் சொல்லும் இரண்டு முக்கியச் சுவடிகளும் இங்கேதான். படங்களின் தரத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் வேலையை மட்டும் தளம் செய்வதில்லை. அந்தச் சாவியை நாம் கையோடு கொண்டுபோக வேண்டும்.

தேடல் பெட்டியில் ‘ட்ரூபதூர்’ என்று அடித்தால் வருவது 19ஆம் நூற்றாண்டுச் சரக்குதான்: ஓபரா இசைத்தாள்கள், பத்திரிகைகள், காதல் கவிதைத் தொகுப்புகள். சுவடிக்கு நூலகம் கொடுத்திருக்கும் அழைப்பெண்ணைப் போட்டுத்தான் தேட வேண்டும். பிரெஞ்சில் ‘ஃபிரான்சே’ என்ற சொல்லும் அதன்பின் எண்ணும். கவிஞர் பெயரை வைத்துத் தேடுவதானால் நூலகம் பிரெஞ்சு வடிவத்தைத்தான் ஏற்கும். பெர்னார்ட் தெ வென்ததோர்ன் என்று ஆய்வு நூல்கள் சொல்பவர் அங்கே பெர்னார் த வாந்ததூர்.

அழைப்பெண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆய்வாளர்கள் ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு ரோமன் எழுத்தைக் குறியாக வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்து என்றால் தோல், சிறிய எழுத்து என்றால் காகிதம். மெட்டு வேண்டுவோருக்கு முதலில் ஆர், அதாவது ஃபிரான்சே 22543. துலூஸ் பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, 160 மெட்டுகள். அடுத்து டபிள்யூ, ஃபிரான்சே 844, ‘அரசர் சுவடி’ என்று பெயர். மெட்டுகள் ஐம்பதைச் சுற்றி. எக்ஸ் என்பது ஃபிரான்சே 20050, அதில் இருபதைச் சுற்றி. நான்காவதான ஜி மிலானின் அம்புரோசியானா நூலகத்தில் இருக்கிறது, 81 மெட்டுகள். அதைக் காலிகாவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கவிஞர் வரலாறும் ஓவியமும் வேண்டுவோர் ஐ (854), கே (12473) இரண்டையும் திறக்க வேண்டும். இரண்டும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெனெட்டோ பகுதியில் உருவானவை. பாடல் எண்ணிக்கையிலும் ஒழுங்கிலும் சி (856) கெட்டி. ஆனால் அதில் மெட்டு இல்லை.

இந்த எழுத்துக் குறியில் ஒரு பொறி இருக்கிறது. வட பிரான்சின் ட்ரூவேர் கவிஞர்களை ஆய்பவர்களும் தனியாக எழுத்துகள் வைத்திருக்கிறார்கள். ட்ரூபதூர் கணக்கில் டபிள்யூ என்ற அதே 844 அவர்களுக்கு எம். ட்ரூபதூர் எம்மோ வேறொரு சுவடி, 12474. ட்ரூவேர் ஆர் என்பது 1591. கட்டுரையில் வெறும் ‘ஆர் சுவடி’ என்று இருந்தால் எந்த மரபின் ஆர் என்று உறுதி செய்துகொண்ட பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் அரை மணி நேரம் புரட்டியும் பாட்டு அகப்படாது. 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளை வைத்துக்கொண்டு தேடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அவை பழைய எண்ணைச் சொல்லும். அங்கே 7226 என்றால் இன்றைய 856. வத்திக்கான் 3204 என்றால் இன்றைய 12473. 1797இல் நெப்போலியன் படையெடுப்பின்போது ரோமிலிருந்து பாரிசுக்கு வந்த சுவடி அது, திரும்பிப் போகவில்லை.

பாடலுக்கும் எண் உண்டு. பில்லே, கார்ஸ்டென்ஸ் இருவரும் 1933இல் வெளியிட்ட அட்டவணைதான் இன்றும் அடிப்படை. கவிஞருக்கு ஓர் எண், புள்ளி, பாடலுக்கு ஓர் எண். வானம்பாடி சிறகடிப்பதைப் பார்த்து ஏங்கும் பெர்னார்டின் புகழ்பெற்ற பாட்டு 70.43. இந்த எண்ணை இத்தாலியிலிருந்து நடக்கும் ‘பெட்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் போட்டால் எந்தெந்தச் சுவடியில் எந்த ஏட்டில் இருக்கிறது என்று பட்டியல் வந்துவிடும். காலிகா இதைத் தராது. கையெழுத்துச் சுவடிகளுக்குள் சொல் தேடலும் கிடையாது. ஆகவே பெட் இல்லாமல் காலிகாவைப் பயன்படுத்த முயல்வதில் பொருளில்லை. அச்சிட்ட மூலபாடம் பக்கத்தில் வேண்டும் என்றால் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘ரியால்டோ’ தளத்தில் திருத்திய பதிப்புகள் கிடைக்கும்.

ஏட்டெண் கையில் வந்த பிறகும் ஒரு படி பாக்கி. தளம் காட்டுவது ‘வியூ’ எண், அதாவது எத்தனையாவது படம் என்ற எண். அட்டை, வெற்றுத்தாள் எல்லாம் அதில் சேர்த்தி. முதல் ஏட்டின் முன்பக்கம் எத்தனையாவது படம் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் மீதி கணக்குதான். அது 9ஆம் படம் என்று கொள்வோம். 56ஆம் ஏட்டின் பின்பக்கம் வேண்டும். இடையில் 55 ஏடுகள், ஏட்டுக்கு இரண்டு பக்கம், ஆக 110. அதோடு 9ஐக் கூட்டினால் 119, அது முன்பக்கம். இன்னும் ஒன்று சேர்த்தால் பின்பக்கம், 120. முகவரியின் கடைசியில் எஃப் எழுத்துக்குப் பின் இந்த எண்ணைப் போட்டால் நேரே அங்கே போகலாம். கணக்கு உதைப்பது மூன்று இடங்களில். நடுவில் ஏடு காணாமல் போயிருந்தால், ஓர் எண் இருமுறை வந்திருந்தால், அல்லது பழைய மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த படமாக இருந்தால். மைக்ரோஃபிலிமில் ஒரே படத்தில் இரண்டு பக்கம் விரிந்திருக்கும். பக்கப் பட்டியலில் ஏட்டெண்ணுக்குப் பதில் ‘பக்கமிடப்படாதது’ என்ற பிரெஞ்சுச் சுருக்கம் நின்றால் கணக்கை நம்பாதீர்கள். ஏட்டின் மேல் வலது மூலையில் நூலகத்தார் எழுதிய எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் பின்னாளில் சேர்த்த ஏடுகளுக்கு எண் இல்லாமல் ஏ, பி, சி என்று எழுத்து இருக்கக்கூடும்.

ஆய்வுநூல் ‘56டி’ என்று சொன்னால் என்ன அர்த்தம்? இரண்டு பத்தி கொண்ட பக்கத்தில் ஏ, பி முன்பக்கத்துப் பத்திகள். சி, டி பின்பக்கத்தவை. ஆக 56ஆம் ஏட்டின் பின்பக்கம், வலது பத்தி. வானம்பாடிப் பாட்டின் மெட்டு ஆர் சுவடியில் அங்கேதான். டபிள்யூவில் அதே பாட்டு 190ஆம் ஏட்டின் பின்பக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காலிகாவின் சொந்தப் பார்வைத்திரை போதாது. ஒவ்வொரு சுவடிக்கும் ட்ரிபிள்-ஐ-எஃப் (நூலகப் படங்களைப் பிற தளங்களில் திறக்க உதவும் பொதுத் தரம்) முகவரி ஒன்று இருக்கிறது. அதை மிராடோர் என்ற இலவசப் பார்வைத்திரையில் ஒட்டினால் இரண்டு சன்னலில் இரண்டு சுவடி நிற்கும். ஒளியும் மாறுபாடும் கூட்டிக் குறைக்கலாம். மங்கிய மைக்கு அது பெரிய உதவி.

மெட்டைப் படிக்கப் போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்து போவது நல்லது. ஆர், டபிள்யூ இரண்டிலும் சதுரச் சுரக்குறிகள். எக்ஸில் மெட்ஸ் பகுதியின் கொக்கி போன்ற நியூம்கள் என்ற பழைய சுரக்குறிகள், பழகாத கண்ணுக்கு எறும்பு ஊர்ந்தது மாதிரி தெரியும். சுரம் முதல் கோப்லாவுக்கு, அதாவது பாட்டின் முதல் கண்ணிக்கு மட்டும்தான். மற்றவை வெறும் எழுத்தாகக் கீழே ஓடும், அடி பிரிக்காமல், உரைநடை போல. அடி முடிவைக் காட்டுவது ஒரு புள்ளி. அதுவும் சில இடங்களில் தவறிப்போகும். தாளக் குறிப்பு கிடையவே கிடையாது. சுரம் எந்த வரிசையில் ஏறி இறங்குகிறது என்று தெரியும், எவ்வளவு நீளம் என்று தெரியாது. அச்சுப் பதிப்பில் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று பார்த்தால் அது பதிப்பாசிரியர் போட்டது. டபிள்யூவில் மட்டும் சில பக்கங்களில் மாத்திரை அளந்த குறிகள் தென்படும். அவை பின்னாளில் வெற்றிடம் பார்த்து எழுதிச் சேர்த்த எஸ்தாம்பி என்ற ஆட்ட இசை முதலிய துண்டுகள், சுவடியின் மூல அடுக்கைச் சேர்ந்தவை அல்ல. ஆர் சுவடியில், எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் கிளெஃப் குறியை ஒவ்வொரு வரியிலும் திரும்பப் பாருங்கள். ஒரு கோடு மேலே கீழே நகர்ந்திருந்தால் மெட்டு முழுக்க மூன்றாம் சுரத்துக்கு இடம் பெயர்ந்துவிடும்.

சிவப்பு மையில் வரைந்த சுரக்கோடுகள் கறுப்பு வெள்ளைப் படத்தில் கரைந்துவிடும். சுரங்கள் அந்தரத்தில் தொங்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு பதிவு வந்தால் வண்ணப் படம் எது என்று பார்த்துத் திறக்க வேண்டும்.

ஆர் சுவடியைப் புரட்டும்போது அச்சுப் பதிப்பு ஒருபோதும் காட்டாத ஒன்று கண்ணில் படும். கோடு போட்டு, இடம் விட்டு, சுரம் எழுதாமலே விட்ட பத்திகள். பக்கம் பக்கமாக. எழுத்துக்காரர் தன் வேலையை முடித்துவிட்டார், சுரம் எழுத வேண்டியவர் முடிக்கவில்லை. ஏறத்தாழ 2,500 பாடல்கள் எஞ்சியும் பத்தில் ஒன்றுக்கு மட்டுமே மெட்டு கிடைப்பது ஏன் என்ற கேள்விக்கு இந்தக் காலிக் கோடுகள் பாதி பதில்.

தியா சீமாட்டியின் பாட்டை எடுத்துக்கொண்டால் இந்தச் சேவையை எப்படிக் கையாள வேண்டும் என்று நன்றாகவே விளங்கும். எண் 46.2. பெண் ட்ரூபதூர்களின் பாடல்களில் மெட்டோடு கிடைத்தது இது ஒன்றுதான். மெட்டு டபிள்யூவில், 204ஆம் ஏட்டில். ஏழு அடிக்கு ஏ பி ஏ பி சி டி பி என்ற அமைப்பு, அதாவது முதல் இரண்டு வரியின் மெட்டு திரும்பி வந்து, இரண்டாம் வரியின் மெட்டோடு முடியும். கண்ணால் பார்த்தே இதைச் சரிபார்க்கலாம். ஆனால் டபிள்யூ வட பிரான்சின் எழுத்தர் கைவண்ணம். முதல் அடியிலேயே ‘ஆ சான்தார் மெர்’ என்று தொடங்க வேண்டியது ‘ஆ சான்தார் மெஸ்’ என்று மாறி, ஒலிப்பும் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. தவிர, அங்கே இருப்பது முதல் கோப்லா மட்டும். முழுப்பாட்டு ஐந்து கோப்லாவும் கடைசியில் ஒரு குறுங்கண்ணியும். பாட நினைப்பவர் மெட்டை 844இலிருந்தும், மீதிச் சொல்லை ஐ அல்லது கே சுவடியிலிருந்தும் எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த 844இன் பல சிற்றோவியங்களை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டார்கள். ஓவியம் போனபோது பின்பக்கத்துச் சுரமும் சேர்ந்து போயிற்று. 1938இல் வந்த அச்சுப் படிமப் பதிப்பு ஏடுகளைத் தன் கணிப்புப்படி வரிசை மாற்றிப் புது எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்கள் ‘பி’ என்ற எழுத்தோடு வரும். அவற்றைக் காலிகாவில் போட்டால் தப்பான பக்கம்தான் வரும்.

புரவலர்களைத் தேடி வருபவர்களுக்கு இடம் வேறு. முதலில் பாட்டின் கடைசியில் இருக்கும் தொர்நாதா என்ற அந்தக் குறுங்கண்ணி. அனுப்பும் முகவரி மாதிரி அது. யாருக்குப் பாட்டு போகிறது, யாரிடம் பரிசில் எதிர்பார்க்கிறார் என்பதெல்லாம் அங்கே வரும், பெரும்பாலும் ஒரு மறைபெயரில். வட இத்தாலியில் மொன்ஃபெராட்டோவின் பிரபுவான போனிஃபாசியோவிடம் வாழ்ந்து அவரோடு நான்காம் சிலுவைப் போருக்குப் போன ரைம்பௌட் தெ வகேராஸ் தன் ‘கலெந்தா மையா’ பாட்டின் முடிவில் ‘எங்லெஸ்’ என்று ஒருவரை விளிக்கிறார். அது போனிஃபாசியோதான் என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். இந்தப் பாட்டின் மெட்டு ஆரில் 62ஆம் ஏட்டின் முன்பக்கம். தொர்நாதா எல்லாச் சுவடியிலும் இருக்காது. டபிள்யூவில் பல பாடல்கள் ஓரிரு கோப்லாவோடு நின்றுவிடுவதால் புரவலர் பெயர் அப்படியே போய்விடுகிறது. அந்த ஒரு சுவடியை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்தப் பாட்டுக்குப் புரவலர் இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டாவது இடம் ஐ, கே சுவடிகளின் சிவப்பு மைப் பகுதிகள். ஒவ்வொரு கவிஞருக்கும் முன்னால் ‘விதா’ என்ற சிறு வாழ்க்கைக் குறிப்பு சிவப்பில் இருக்கும். பாட்டு எந்தச் சூழலில் பிறந்தது என்று சொல்லும் ‘ராசோ’வும் சில கவிஞர்களுக்கு உண்டு. பெர்த்ரான் தெ போர்னுக்குத்தான் அது நிறைய. இவற்றில் பெரும்பகுதியை எழுதியவர் ஊக் தெ சென் சீர்க். அவரே ஒரு ட்ரூபதூர். 1220 வாக்கில் இத்தாலிக்குப் போய் திரெவீசோவில் தா ரொமானோ என்ற பிரபுக் குடும்பத்தின் நிழலில் தங்கியவர். தென் பிரான்சில் 1209 முதல் 1229 வரை நடந்த அல்பிஜென்சியச் சிலுவைப் போரில் தெற்குப் பிரபுக்கள் நொடிந்த காலம் அது. இத்தாலியப் பிரபுக்களுக்கு இந்தப் பாடல்கள் வேண்டியிருந்தன, பாடியவர் யார் என்ற விளக்கமும் வேண்டியிருந்தது. சுவடிகள் பிறந்த ஊரே அதற்குச் சாட்சி.

விதாக்களை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெர்னார்ட் தெ வென்ததோர்ன் கோட்டை அடுப்பு மூட்டும் வேலையாளின் மகன் என்கிறது விதா. பெயர் தெரிந்த ட்ரூபதூர்களை வரிசையாகக் கிண்டலடித்துப் பேரே தால்வெர்னியா பாடிய பாட்டிலும் இதே அடுப்பு வருகிறது. நையாண்டியிலிருந்து எடுத்த துண்டை வாழ்க்கைக் குறிப்பாக்கிவிட்டார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

ஓவியங்களுக்காகவே ஐ, கே இரண்டையும் நிதானமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலெழுத்தின் வயிற்றுக்குள் கட்டைவிரல் அளவு உருவம், பின்னணியில் தங்கப் பூச்சு. சாதாரணக் கவிஞர் நிற்பார். கோமான் கவிஞர் குதிரை மேல், கவசத்தோடு. புரவலராகவும் கவிஞராகவும் இருந்த அக்கித்தேன் கோமகன் ஒன்பதாம் கியேம் (1071–1126) போன்றவர்களுக்கு இந்த இரண்டாம் வகை. பெர்திகோன் கையில் வில்லிசைக் கருவி. 1205இல் துலூசின் ஆயரான ஃபோல்கெட் தெ மர்செல்யா ஆயர் உடையில் இருக்கிறார். காதல் பாட்டுக்கு மேலே ஆயர் படம்! 854இல் ஜௌஃப்ரே ருதெல் திரிப்போலிச் சீமாட்டியின் கைகளில் உயிர் விடுகிறார். விதா சொல்லும் கட்டுக்கதை அப்படியே படமாகியிருக்கிறது.

வேலை கேட்டுத் திரிந்த ஒரு கவிஞரைத் தேதி வாரியாகப் பின்தொடர வேண்டும் என்றால் கிரௌட் ரிகியேரைவிட நல்ல ஆள் இல்லை. 1254 முதல் 1292 வரை அவர் பாடல்களின் தலைப்பில் ஆண்டு எழுதப்பட்டிருக்கிறது. நார்போன் விஸ்கவுண்ட் அமால்ரிக் 1270இல் இறக்க, காஸ்தீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவிடம் போகிறார். 1279 வாக்கில் திரும்பி ரொதேஸ் பிரபுவை அண்டுகிறார். இவருடைய 48 மெட்டுகள் ஆரில் இருக்கின்றன. அந்தச் சுவடியின் மொத்த மெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சி சுவடியில் இவர் பகுதியின் தொடக்கத்தில், கவிஞரே தன் கையால் எழுதிய புத்தகத்திலிருந்து அதே வரிசையில் பெயர்த்தது என்று ஒரு சிவப்புக் குறிப்பு இருக்கிறது. வரிசைக்கு 856, மெட்டுக்கு 22543. இரண்டையும் மிராடோரில் சேர்த்துத் திறப்பதுதான் முறை.

எழுத்தைப் படிப்பது முதல் நாளில் கடினம். நீண்ட ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ மாதிரி இருக்கும். உயிரெழுத்தின் மேல் கோடு என்றால் ஒரு ‘எம்’ அல்லது ‘என்’ தொக்கி நிற்கிறது. 7 போன்ற குறி ‘உம்’ இடைச்சொல். குச்சி குச்சியாக வரும் ஐ, யு, என், எம் எழுத்துகளைப் பிரிக்க அச்சுப் பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது ஒன்றே வழி. கவிஞர் பெயர் சிவப்பில் இருந்தாலும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பாட்டுக்கு ஒவ்வொரு சுவடி ஒவ்வொரு பெயர் சொல்வது சகஜம்.

வத்திக்கானின் டிஜிவாட்லிப் தளத்தோடு ஒப்பிடலாம். ஏ சுவடி (வத்திக்கான் லத்தீன் 5232) அங்கே. ஓவியருக்கு என்ன வரைய வேண்டும் என்று ஓரத்தில் வெனிஸ் பேச்சுவழக்கில் எழுதிய குறிப்புகளோடு இருக்கும் அருமையான சுவடி அது. ஆனால் அங்கே படத்தின் மேல் நூலக முத்திரை படிந்திருக்கும். காலிகாவில் அந்த இடைஞ்சல் இல்லை.

பதிவிறக்கத்தில் பிடிஎஃப் எடுக்காதீர்கள். கோப்பு பெரிது, படம் சுருக்கப்பட்டிருக்கும், சுரக்கோடு மங்கும். வேண்டிய பக்கத்தை மட்டும் ஜேபெக்காக முழு அளவில் எடுங்கள். நூறு பக்கத்தை ஒரே மூச்சில் நிரல் வைத்து இழுத்தால் தளம் தடுத்துவிடும், இடைவெளி விட்டு எடுக்க வேண்டும். மேற்கோள் காட்ட முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே வெட்டி ஒட்டாமல் ‘ஆர்க்’ என்று வரும் நிலையான இணைப்பைப் பயன்படுத்துங்கள், பல ஆண்டு கழித்தும் வேலை செய்யும். வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கும் ஆய்வு வெளியீட்டுக்கும் கட்டணம் இல்லை, மூலம் காலிகா, பிரெஞ்சு தேசிய நூலகம் என்று குறிப்பிட்டால் போதும். இசைத்தட்டு உறை, விற்பனைக்கான நாட்காட்டி என்று போனால் உரிமம் வாங்க வேண்டும்.